உடையார்பாளையத்து அவைப் பாடகர்



ஸ்பெயின் நாட்டு அரசவை ஓவியர் வெலாஸ்கெஸைப் பற்றி இந்த ஆண்டு அறக்கட்டளைப் பொழிவில் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். பேச்சுக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது, அந்த ஓவியரோடு இந்த மண்ணைச் சேர்ந்த இன்னொரு கலைஞரும் என் மனத்தில் வந்து நின்றார். அவரும் அரசவையில் இருந்தவர். அவரும் தம் புரவலரின் உருவத்தைத் தம் கலையில் நிலைக்கச் செய்தவர். நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய ஊரில் வாழ்ந்தவர். அவர் பெயர் இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி என்னை வருத்தியது. ஆகவே வெலாஸ்கெஸில் தொடங்குகிறேன். உடையார்பாளையம் சமஸ்தான சங்கீத வித்துவான் கனம் கிருஷ்ணையருக்கு வந்து சேர்கிறேன். பொழிவின் பெரும்பகுதி அவருக்குத்தான்.

டியேகோ வெலாஸ்கெஸ் 1599இல் செவில் நகரத்தில் பிறந்தார். பிரான்சிஸ்கோ பச்சேக்கோ என்ற ஓவியரிடம் மாணவராக இருந்து, 1618இல் ஆசிரியரின் மகளையே மணந்துகொண்டார். 1623இல் அமைச்சர் ஒலிவாரெஸின் அழைப்பின்பேரில் மாட்ரிட் போய் மன்னர் நான்காம் பிலிப்பை வரைந்தார். மன்னருக்கு வயது 18, ஓவியருக்கு 24. படம் மன்னருக்குப் பிடித்துப்போயிற்று. மாதம் 20 டுகாட் சம்பளத்தில் அரசவை ஓவியராக அமர்த்தப்பட்டார். அன்று தொடங்கிய பணி 37 ஆண்டுகள், அவர் இறக்கும்வரை நீடித்தது.

அந்த அரண்மனையில் ஓவியனுக்கு என்ன இடம் இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சலுகைகளும் படிகளும் வழங்குவதற்கான அரண்மனைப் பட்டியல்களில் ஓவியர் பெயர் நாவிதர்கள், ஏவலர்களின் வரிசையில் நின்றது. கையால் செய்யும் தொழில் எதுவும் உயர்குடிக்கு ஆகாது என்று கருதிய காலம் அது. வெலாஸ்கெஸ் ஓவியத்தால் மட்டும் உயரவில்லை. அரண்மனை உத்தியோகங்களில் ஒவ்வொரு படியாக ஏறினார். 1652இல் அரண்மனையின் தலைமை விடுதிப் பொறுப்பாளர் ஆனார். மன்னர் பயணம் போனால் முன்னதாகச் சென்று தங்குமிடம் பார்ப்பது, அறைகளை அலங்கரிப்பது, விறகும் விளக்கும் சரியாக வருகின்றனவா என்று கவனிப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. உலகின் தலைசிறந்த ஓவியர்களில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் வரைந்ததாக இன்று நாம் அறிந்த படங்கள் ஏறக்குறைய 120தான். விறகுக் கணக்கு பார்த்த நாட்களை எண்ணும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ இன்று மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தடிக்கும் அதிகமான உயரம். நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா, இரு பக்கமும் தோழிப்பெண்கள், வலப்பக்கம் குள்ள உருவத்தினர் இருவர், தரையில் படுத்திருக்கும் பெரிய நாய். பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் மன்னரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். இடப்பக்கம் தூரிகையும் வண்ணப் பலகையுமாக, ஆளுயரத் துணிச்சட்டத்தின் முன் வெலாஸ்கெஸே நிற்கிறார். மன்னர் கண்ணாடியில் ஒரு நிழலாக இருக்க, அவர் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஓவியர் முழு உருவமாக நின்று நம்மைப் பார்க்கிறார். அரசவைக் கலைஞன் தன் மதிப்பை இவ்வளவு அமைதியாகவும் இவ்வளவு உறுதியாகவும் சொன்ன வேறொரு படத்தை நான் அறியேன்.

படத்தில் அவர் மார்பில் ஒரு சிவப்புச் சிலுவை இருக்கிறது. அது சந்தியாகோ வீரர் சபையின் சின்னம். படம் எழுதி மூன்றாண்டுகள் கழித்து, 1659இல்தான் அந்தச் சபையில் அவரைச் சேர்த்தார்கள். சிலுவை பின்னர் தீட்டப்பட்டது. சேர்ப்பதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். இவர் ஓவியத்தை விற்றுப் பிழைத்தவரா என்பது அவர்கள் துருவிக் கேட்ட கேள்விகளுள் ஒன்று. மன்னரின் நண்பராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகும் அந்தக் கேள்விக்குச் சாட்சி தேவைப்பட்டது. மறுவருடம், 1660 ஆகஸ்ட் 6இல் இறந்தார். அவரைப் புதைத்த மாதாகோயில் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இடிக்கப்பட்டது. கல்லறை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஆனால் வாழ்க்கை தொலைந்துபோகவில்லை. அரண்மனைக் கணக்குகள் இருந்தன, பொருட்பட்டியல்கள் இருந்தன, விசாரணைப் பதிவுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1724இல் அந்தோனியோ பலோமினோ என்ற மற்றொரு அரசவை ஓவியர் வெலாஸ்கெஸின் வாழ்க்கையை எழுதி அச்சிட்டார். வெலாஸ்கெஸின் மாணவர் ஹுவான் தெ அல்ஃபாரோ வைத்திருந்த குறிப்புகள் அவருக்குப் பயன்பட்டன. ‘லாஸ் மெனினாஸ்’ படத்தில் இருப்பவர்களை நாம் இன்று பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறதென்றால் அதற்குப் பலோமினோவுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதையிலும் இப்படி ஒருவர் வருவார்.

1656இல் தமிழகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய காலத்தில்தான் க்ஷேத்ரக்ஞர் தெலுங்கில் பதங்கள் பாடினார். பதம் என்பது நாயகி கூற்றாக, அல்லது தோழி கூற்றாக அமைவது. வராத தலைவனை நினைத்து ஏங்குவாள், வந்தவனோடு ஊடுவாள், வேறொருத்தியிடம் போனவனை வெறுப்பாள். தலைவன் பெரும்பாலும் கடவுள். ஆனால் அரசவையில் பாடும்போது அந்தத் தலைவன் இடத்தில் அரசனை நிறுத்தினார்கள். க்ஷேத்ரக்ஞரின் பதங்களில் ஒரு தொகுதி விஜயராகவரையே தலைவராகக் கொண்டது. அரசன் எப்படிச் சிரிப்பான், எப்படிக் கொடுப்பான், எப்படி மறப்பான் என்பதெல்லாம் ஒரு பெண்ணின் வாய்மொழியாக வந்துவிடும். பிலிப்பின் முகம் துணியில் பதிந்த அதே காலத்தில் தஞ்சை மன்னரின் முகம் ராகத்தில் பதிந்தது. தென்னாட்டு அரசவைகளில் உருவப்பட வேலையில் பெரும்பங்கைப் பாட்டே செய்தது என்று நான் கருதுகிறேன்.

ஓவியர்களே இல்லை என்று சொல்லவில்லை. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதையை எழுதிய சிங்காதனம் என்பவர் தம் பெயரை அங்கே விட்டுச்சென்றிருக்கிறார். அவரைப்போல் பெயர் விட்டுப்போனவர்கள் மிகச் சிலர். நம் கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குப் படிக்கட்டு அருகே சண்டேசருக்குச் சிவபெருமான் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறதே, சோழர் காலக் கல்வேலையில் அதற்கு இணை எனக்குத் தெரியவில்லை. ராஜேந்திரன் தன் முடியையே சிவனிடமிருந்து பெறுவதாக அதைப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த உளியைப் பிடித்த கை யாருடையது? பெயர் இல்லை. தலைநகரமாக 250 ஆண்டுகள் இருந்த ஊரின் கலைஞர்களைப் பெயரில்லாமல்தான் நாம் வணங்குகிறோம்.

அந்தச் சோழபுரத்துக்கு மேற்கே, அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடையில் இருக்கிறது உடையார்பாளையம். காலாட்கள் தோழ உடையார் என்ற பட்டம் தாங்கிய பாளையக்காரர்களின் ஊர். காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளின் திருமேனி படையெடுப்புக்கு அஞ்சி எடுத்துவரப்பட்டு, 1710இல் திரும்பிப் போகும்வரை பாதுகாக்கப்பட்டது இந்த ஊர்க் காட்டுப்பகுதியில்தான். பாளையம் பிறகு ஆர்க்காட்டு நவாபின் பிடியில் சிக்கி, ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாகச் சுருங்கியது. பரப்பு சுருங்கினாலும் கொடை சுருங்கவில்லை. யுவரங்கர் என்ற ஜமீன்தார் தமிழ்ப் புலவர்களை ஆதரித்த செய்தியை உ. வே. சாமிநாதையர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்த கச்சிக் கலியாண ரங்கரின் அவையில்தான் கிருஷ்ணையர் வித்துவானாக விளங்கினார்.

கிருஷ்ணையர் பிறந்த ஊர் அரியலூர்ப் பக்கத்துத் திருக்குன்றம். பெரிய திருக்குன்றம் என்றும் சொல்வார்கள். பிறப்பு 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. இசையில் ஊறிய குடும்பம். அந்த நாளில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சங்கீதம் தேடிப் போக வேண்டிய இடம் தஞ்சாவூர். சரபோஜி மன்னரின் அவை. தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் காவிரிக் கரையில் வாழ்ந்த காலம். கிருஷ்ணையரும் தஞ்சை போனார். பச்சிமிரியம் ஆதியப்பையரின் மாணவர் வரிசையில் அவரையும் வைத்துச் சொல்வது மரபு.

அவர் பெயருக்கு முன்னால் ‘கனம்’ என்ற பட்டம் வந்த கதையைச் சொல்லத்தான் வேண்டும். இசையைக் கனம், நயம், தேசிகம் என்று மூன்று வழிகளாகப் பிரிப்பார்கள். கன வழி எல்லோருக்கும் கைவராது. நாபியிலிருந்து எழும் மூச்சை அடக்கிக் கம்பீரமாகத் தானம் பாடும் முறை அது. நல்ல உடற்கட்டும் கடுமையான சாதகமும் வேண்டும், உணவில் கட்டுப்பாடு வேண்டும். பொப்பிலி கேசவையா என்ற ஆந்திர வித்துவான் தஞ்சை அவைக்கு வந்து இந்தக் கன மார்க்கத்தைப் பாடிக் காட்டினார். அவை அசந்துபோயிற்று. நம் அவையில் இதைக் கற்றுக்கொள்ளக்கூடியவர் யாராவது உண்டா என்று மன்னர் கேட்டார். முன்வந்தவர் இளைஞரான கிருஷ்ணையர். கேசவையாவிடம் முறையைக் கேட்டுக்கொண்டு, தனியே இருந்து சாதகம் செய்து, அவை மெச்சும்படி பாடிக் காட்டினார். அதன்பிறகு அவர் கனம் கிருஷ்ணையர் ஆனார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இளைஞரின் துணிவு. பெரிய வித்துவான்கள் நிறைந்த அவையில், வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் புதிய முறையைக் கற்றுக்கொள்கிறேன் என்று எழுந்து நிற்பது எளிதல்ல. கற்க முடியாமல் போனால் பெயர் கெடும். வெலாஸ்கெஸ் 1629இல் மன்னரிடம் விடுப்பு வாங்கிக்கொண்டு இத்தாலி போய், அங்கிருந்த ஓவியர்களின் முறைகளைப் பழகிக்கொண்டு வந்ததை இதோடு சேர்த்து நினைக்கிறேன். பதவி கிடைத்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாமல் மீண்டும் மாணவனாகப் போனவர்கள் இருவரும்.

தஞ்சைக்குப் பிறகு கிருஷ்ணையர் திருவிடைமருதூரில் இருந்தார். தஞ்சை அரியணையை இழந்த அமரசிம்மர் 1798க்குப் பிறகு அங்கே அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தார். ஆட்சி இல்லாத அரண்மனை அது. ஆனாலும் சங்கீதம் மட்டும் அங்கே குறையாமல் இருந்தது. பின்னாளில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அந்த அரண்மனை வித்துவான்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தான். கிருஷ்ணையரின் பாட்டும் அவர் காதில் விழுந்தது. நந்தனார் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள், அந்த ஊற்றில் திருக்குன்றத்து நீரும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

பிறகுதான் உடையார்பாளையம். சொந்த நாட்டு ஜமீன்தாரின் அழைப்பு. கச்சிக் கலியாண ரங்கர் இசையை அறிந்து ரசிப்பவர், மனம் வந்தால் வாரிக் கொடுப்பவர். கிருஷ்ணையர் அங்கே வந்து பதங்கள் பாடினார். தமிழில் பாடினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அக்காலத்துச் சங்கீத மேடையின் மொழி பெரும்பாலும் தெலுங்கு. தஞ்சை அவையில் பெயர் வாங்கிய ஒருவர் தெலுங்கில் பாடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், புகழும் எளிதாகப் பரவியிருக்கும். இவர் சிற்றூர்ப் பெண் பேசுகிற தமிழை எடுத்து, நிதானமான காலப்பிரமாணத்தில், பைரவியிலும் கல்யாணியிலும் தோடியிலும் அடாணாவிலும் வைத்துப் பாடினார். முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, பாபவிநாச முதலியார் என்று வரும் தமிழ்ப் பத வரிசையில் அவருடைய இடம் மிக உயர்ந்தது. சொற்கள் குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் ராகம் இடம் விட்டுக்கொடுக்கும். பாடுகிறவர் அவசரப்பட்டால் பதம் சரிந்துவிடும்.

முருகனைத் தேடிப் போகும் நாயகியாக அவர் பாடிய பைரவிப் பதம் ‘வேலவரே’ இன்றும் ஆடலரங்கில் உயிரோடு இருக்கிறது. அதற்கு நாம் வீணை தனம்மாள் குடும்பத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். 1867இல் பிறந்து 1938இல் மறைந்த தனம்மாள் பதங்களைப் பாதுகாத்த பெருமாட்டி. அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிக் காத்தார்கள். மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி அபிநயத்தில் காத்தார். பதங்களை இழிவாகப் பேசி ஒதுக்கிய ஒரு காலத்தில், இசை வேளாளர் மரபில் வந்த இந்தப் பெண்கள் அவற்றைக் கைவிடவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் கிருஷ்ணையர், அரண்மனைக் கருவூலத்திலிருந்து கிடைத்தவர் அல்லர். ஒரு வீட்டுப் பெண்களின் தொண்டையிலிருந்து கிடைத்தவர்.

கலியாண ரங்கரைத் தலைவராக வைத்துப் பாடிய பதங்கள் இன்னொரு வகை. வெலாஸ்கெஸ் பிலிப்பின் நீண்ட தாடையை மறைக்காமல், வயதான பிறகு கண்ணில் வந்த களைப்பையும் மறைக்காமல் வரைந்தார். கிருஷ்ணையரும் தம் புரவலரைக் குறையில்லாதவராகப் பாடவில்லை. நாயகி பேசும் பேச்சில் குறை சொல்ல இடம் உண்டு அல்லவா? ஜமீன்தாரின் பராமுகம் தம்மை வருத்தியபோது கிருஷ்ணையர் அதை நேரே போய் முறையிடவில்லை, நாயகி கூற்றாகப் பதமாக்கினார் என்று உ.வே.சா. சொல்கிறார். அன்று அள்ளிக் கொடுத்தவன் இன்று முகம் பாராமல் இருக்கிறானே என்று ஒரு பெண் தோழியிடம் சொல்வதாகப் பாட்டு. கேட்கும் புரவலருக்குப் பொருள் புரியும். சினம் கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் பாட்டு அவரைக் காதலனாக அல்லவா வைத்திருக்கிறது! அரசவையில் வாழ்ந்த கலைஞனுக்குத் தன்மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நுட்பமான கருவி வாய்த்ததில்லை. பொருளுக்காகப் பாடினார்கள் என்று அவைக் கலைஞர்களை ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இந்தப் பதங்களை நின்று கேட்க வேண்டும். சம்பளம் வாங்கிய கை எழுதியதுதான். ஆனாலும் அதில் குனிவு இல்லை.

தியாகராஜரையும் அவர் சந்தித்திருக்கிறார். திருவையாறு போய்த் தியாகராஜர் பாடக் கேட்டு, தாமும் பாடி, அவருடைய பாராட்டைப் பெற்ற செய்தி இசை மரபில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் சரபோஜியின் அவைக்கு வர மறுத்தவர் என்று போற்றப்படுகிறார். மற்றவர் அவைகளிலேயே வாழ்ந்தவர். இருவரும் ஒரே திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டார்கள். அவையை மறுத்தவன் உயர்ந்தவன், அவையில் இருந்தவன் தாழ்ந்தவன் என்று தராசு பிடிக்கும் வேலை பின்னால் வந்த நமக்குத்தான் வந்தது.

உடையார்பாளையத்தில் கிருஷ்ணையர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஒருவர் வேங்கடசுப்பையர். உத்தமதானபுரத்துக்காரர். கிருஷ்ணையர் அவருக்குத் தாய்வழி உறவு. குருவின் வீட்டிலேயே தங்கிப் பல ஆண்டுகள் பணிவிடை செய்து, பதங்களையும் கீர்த்தனங்களையும் கற்றுக்கொண்டார். உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு அவருக்கும் கிடைத்தது. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஜமீன்களின் கை இறுகிக்கொண்டிருந்தது. வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் இராமாயணத்தை இசையோடு பிரசங்கம் செய்து பிழைத்தார். அரியலூர், கீழப்பழுவூர், குன்னம், காரை, கார்குடி, செங்கணம் என்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து ஊர்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. நெல்லும் வரகும் கொடுத்தன. பிரசங்கம் முடிந்தால் பட்டாபிஷேக நாளில் சம்பாவனை கொடுத்தன.

அந்தக் குடும்பத்தோடு நடந்துவந்த சிறுவன்தான் வேங்கடசுப்பையரின் மகன் சாமிநாதன், பின்னாளைய உ.வே.சா. 1855இல் பிறந்தவன். அரியலூரில் சடகோபையங்கார் அவனுக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம் கேட்டான். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் படித்தான். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் காரிகை சொல்லிக்கொடுத்தார். 1871இல் மாயூரத்துக்குப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன்னால், அவனைத் தமிழ் மாணவனாக உருவாக்கியவை பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துத் திண்ணைகள். சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சேறிய வரலாற்றில் இந்த ஊர்களுக்கு உள்ள பங்கை இந்த ஊர்ப் பிள்ளைகளே அறியாமல் இருப்பது எனக்குப் பெருத்த வருத்தம்.

முன்னே பலோமினோவைச் சொன்னேன். கிருஷ்ணையருக்கு வாய்த்த பலோமினோ இந்த உ.வே.சா.தான். சங்க நூல்கள் பலவற்றைப் பதிப்பித்த பின், முதுமையில், 1936இல், ‘கனம் கிருஷ்ணையர்’ என்ற வரலாற்று நூலை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் வரலாற்றையும் மகா வைத்தியநாதையர் வரலாற்றையும் எழுதினார். அவருக்கு அப்போது வயது 81. கிருஷ்ணையரை அவர் நேரில் பார்த்ததில்லை. தந்தையாரும் உறவினரும் சொன்னவற்றை நெஞ்சில் வைத்திருந்தார். பலோமினோவிடம் மாணவரின் குறிப்பேடு இருந்தது, அரண்மனைக் கணக்கு இருந்தது. உ.வே.சா.விடம் இருந்தது தந்தையின் வாய்ச்சொல். அந்த ஒரு இழை அறுந்திருந்தால் கன மார்க்கக் கதையும் இல்லை, கலியாண ரங்கர் கதையும் இல்லை. பிறகு 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வந்த ‘என் சரித்திர’த்திலும் கிருஷ்ணையருக்கு இடம் கொடுத்தார். அந்தத் தொடர் முடியாமலே 1942 ஏப்ரல் 28இல் மறைந்தார்.

தமிழுக்கு ஏடு தேடிய பெருமகனாக அவரை நாம் போற்றுகிறோம். இசைக்காரர்களின் வாழ்க்கையையும் ஏடு தேடுவதுபோலத் தேடி எழுதினார் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. புலவனின் பெயரைக் காப்பாற்றினால் போதும், பாடகனின் பெயர் காற்றோடு போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. தம் குடும்பம் உண்ட உப்புக்கு எழுத்தால் நன்றி செய்தார்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். வெலாஸ்கெஸின் ஓவியங்களை ஸ்பெயின் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். படத்துக்கு முன்னால் தரையில் உட்காரவைத்து ஆசிரியர்கள் கதை சொல்கிறார்கள். கிருஷ்ணையரின் ஓவியம் சுவரில் மாட்டக்கூடியது இல்லை. யாராவது பாடினால்தான் அது இருக்கும். பாடுகிறவர் இல்லாத தலைமுறை ஒன்று வந்துவிட்டால், புத்தகத்தில் சொற்கள் கிடக்கும், ராகத்தின் பெயர் கிடக்கும், பதம் இருக்காது. கன மார்க்கத்துக்கு ஏறக்குறைய அந்தக் கதிதான் நேர்ந்துவிட்டது. அது எப்படி ஒலித்தது என்று பாடிக் காட்டக்கூடியவரை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். உடையார்பாளையம், திருக்குன்றம், அரியலூர், குன்னம், செங்கணம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டெழுதிய நோட்டுகளும் ஏடுகளும் கடிதங்களும் பரணில் இன்னும் கிடக்கலாம். போகியன்று கொளுத்திவிடாதீர்கள். சென்னை பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்துக்கோ தஞ்சை சரஸ்வதி மகாலுக்கோ காட்டுங்கள். மூலத்தைத் தர மனமில்லையென்றால் படம் எடுத்துக்கொள்ளவாவது இடம் கொடுங்கள். பாட்டிமார் யாருக்காவது பழைய பதம் ஒன்று நினைவிருந்தால், கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சுருதி தப்பினாலும் பரவாயில்லை.

கல்லூரி ஆசிரியர்களுக்கு இன்னொன்று. உங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை. உடையார்பாளையம் ஜமீனின் இசைப்புரவு என்ற பொருள் ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைக்கக் காத்திருக்கிறது. உ.வே.சா.வின் 1936ஆம் ஆண்டு நூலில் தொடங்கச் சொல்லுங்கள்.

இசை கற்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைப் பொழிவுக்கு முன்னால் கடவுள் வாழ்த்தோடு நிறுத்தாமல், கனம் கிருஷ்ணையரின் பதம் ஒன்றை உங்களில் ஒருவர் பாட வேண்டும். ‘வேலவரே’ பதத்திலிருந்தே தொடங்கலாம். நல்ல ஆசிரியரிடம் பாடம் கேட்டு, அவசரப்படாமல், பைரவியை முழுதாக அனுபவித்துப் பாடுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.